மார்த்தாவின் கையும் என் மணலும்

இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிவாசல்துறைச் சந்தியில் ஆட்கள் உட்காரக் கட்டிய பூப்பெட்டி வாங்கில் ஆறு செடிகள் பட்டுப்போயின. அவற்றைக் கொன்றது மார்த்தாவின் கை அல்ல. என்னுடைய மணல். அது உப்பு மணல் என்பது எனக்குத் தெரியும்.

தலைவரை விளிக்கும் முன்னர், சபைக்கு முகமன் கூறும் முன்னர், தொண்டையைச் செருமும் முன்னர் இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட நிபந்தனை. இட்டவர் யார், இடப்பட்ட காரணம் என்ன என்பது போகப்போக விளங்கும். சொல்லிவிட்டேன். இனி முறைப்படி தொடங்குகிறேன்.

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் மீனவர் சங்கத் தலைவர், அன்பர் நிக்கொலஸ் அவர்களே. முன்வரிசையில் அமைதியே உருவாய் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே. அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவிய ஈரம் காயாமல் வந்து அமர்ந்திருக்கும் பள்ளிவாசல் நிர்வாகப் பெரியோர்களே. விடியலுக்கு முன் வள்ளம் தள்ளி, வெயிலுக்கு முன் வலை உலர்த்தி, இந்த மாலை ஒன்றில் மட்டும் இளைப்பாற வந்திருக்கும் கடற்றொழிலாளத் தோழர்களே. மீன் காயும் வாடியிலே கருவாடு புரட்டிய கைகளைக் கழுவிக்கொண்டு நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, ராத்தாமார்களே, அக்காமார்களே. பஸ் வரும்வரை நின்று கேட்போம் என்று வந்து, பஸ் போன பின்னும் நின்றுகொண்டிருக்கும் பயணிகளே. உங்கள் அனைவருக்கும் தில்லையடி முத்தலிபுவின் ஸலாமும் வணக்கமும் உரித்தாகட்டும்.

என்ன, பின்னாலிருந்து ஒரு குரல்? "முதலாளி, உண்மையாவே புத்தளம் பஸ் போயிட்டு" என்கிறீர்களா? போகட்டும் மகன். என் லொறி நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போய் விடுகிறேன். கூலி இல்லை. சிரிக்கிறீர்கள். முத்தலிபு கூலி இல்லாமல் லொறியைத் திறப்பானா என்று சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்புக்கு நான் உரியவன்தான். இதைவிடப் பெரிய வசைக்கும் உரியவன் என்பதைச் சொல்லத்தான் ஏறி நிற்கிறேன்.

நான் பேச்சாளன் அல்லன். கம்பி விற்பவன், கதவு விற்பவன், சீமெந்து விற்பவன், மணல் விற்பவன். அதற்கு முன்னால், பதினேழு வயதில், புத்தளம் உப்பளத்தில் மூட்டை தூக்கியவன். அங்கே எங்களுக்குத் தராசுக்கும் முந்திய கருவி நாக்கு. பாத்தியிலிருந்து வாரிய புது உப்பில் ஒரு கைப்பு இருக்கும். மாதக் கணக்கில் குவித்து வைத்தால் அந்தக் கைப்பு இறங்கிப்போகும். பழகிய உப்பா, பச்சை உப்பா என்று கண் சொல்லாது; ஒரு பரலை நாக்கில் வைத்தால் நாக்குச் சொல்லும். உப்பு வாங்க வந்த வியாபாரிகள், "அந்த முத்தலிபுவக் கூப்பிடுங்க, அவன் சரியெண்டா ஏத்துவம்" என்பார்கள். மூட்டை தூக்கியவனை முதலாளி ஆக்கியது என் முதுகு அன்று, என் நாக்கு. அதை வைத்துத் தரகு பார்த்தேன். தரகை வைத்துக் கடை போட்டேன். இன்றைக்கும் என் யார்டுக்கு மணல் வந்தால், ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் லொறியை உள்ளே விடுவதில்லை. இது நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பெருமை. இந்தப் பெருமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதில்தான் வந்து முட்டப்போகிறது.

இந்தச் சந்தியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் துறை, ஒரு பக்கம் மருந்தகம், நடுவே தெரு. எத்தனை காலம் இங்கே நம் பெண்கள் நின்றார்கள்? மீன் கூடையோடு வந்தவர்கள் நின்றார்கள். மடியில் பிள்ளை காய்ச்சலில் அனல, மருந்து எடுக்க வந்தவர்கள் நின்றார்கள். முழங்கால் வீங்கியவர்கள் லைட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கரைக்கு இழுத்த வள்ளத்தின் விளிம்பில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்தால் வள்ளக்காரருக்கு முகம் மாறும். ஏனென்று யாரும் கேட்பதில்லை, உட்காருவதும் இல்லை. அமர ஓர் இடம் இல்லை. ஆற ஒரு பச்சை இல்லை.

அப்போது தலைவர் நிக்கொலஸ் ஒரு யோசனை சொன்னார். "ரெண்டு முனையிலயும் ரெண்டு பெட்டி கட்டுவம். பெட்டிக்குள்ள பூச்செடி. நடுவில தென்னம் பலகை. ஆளும் இருக்கும், செடியும் இருக்கும்." எவ்வளவு எளிய யோசனை, எவ்வளவு இனிய யோசனை. பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி. இருக்கிறவர் கால் தொங்காது. பெட்டி அதற்கு மேல் இன்னும் ஓரடி. எழும்புகிறவர் அதன் விளிம்பில் கையை ஊன்றி எழும்பலாம். செடியின் கனம் பெட்டியைப் பிடிக்கும், பெட்டியின் கனம் பலகையைப் பிடிக்கும். புளொக் கல்லும் சீமெந்தும் மணலும் நான் தருகிறேன் என்றேன். கை தட்டினீர்கள். தட்டிய கையோடு ஒரு சின்னச் சொல்லையும் சேர்த்துக்கொண்டேன்: முன்பக்கத்தில் என் கடைப் பெயரை எழுதிக்கொள்கிறேன் என்று. அதற்கும் தட்டினீர்கள்.

செடி தந்தவர் மார்த்தா. மூன்றாவது வரிசையில், மடியில் கைகளை வைத்தபடி அமர்ந்திருக்கிறார். எல்லோரும் திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்கு அது பிடிக்காது. பார்த்துவிட்டீர்கள்.

மாதா கோயில் மதிலோரம் பொலித்தீன் பைகளில் கன்று வைத்து விற்றவர் மார்த்தா. கணவர் போன பிறகு மகளை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அந்தக் கன்றுகள்தான். அவர் கைக்கு ஒரு பேர் இருந்தது. புது வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் வாசலில் முதல் கன்றை அவர் கையால் வைப்பார்கள். கிறிஸ்தவ வீடும் கூப்பிடும், முஸ்லிம் வீடும் கூப்பிடும். நான் கட்டடச் சாமான் இறக்கிய வீடுகளில் பாதிக்கு மேல் முதல் கன்று வைத்தவர் அவரே. மார்த்தா வைத்தால் வளரும், மார்த்தா வைத்த வாசல் வாடாது என்று இந்தக் கரை நம்பியது. அவர் விற்றது கன்று. ஆனால் அந்த நம்பிக்கை போனால் கன்று விலைபோகாது. இது எந்த வியாபாரிக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

வாங்குக்காக அவர் கொண்டுவந்தது மூன்று செவ்வரத்தை, மூன்று மல்லிகை. விற்கிற கன்றுகள் அல்ல. தடி வெட்டிக் கன்று பிடிப்பதற்கென்று வருடக் கணக்காய் வீட்டில் வைத்திருந்த தாய்ச்செடிகள். "இதையா தாறீங்க?" என்று கேட்டேன். "சந்தியில நிக்கிற செடி நோஞ்சானா நிக்கக் கூடாது முதலாளி. நல்லதத்தான் தரவேணும்" என்றார்.

நல்லதைத்தான் தரவேண்டும். நான் என்ன தந்தேன்?

டீசலும் சீமெந்தும் எட்டாத உயரத்தில் நின்ற காலம் அது. நல்ல ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு. என் யார்டின் பின்பக்கத்தில், உப்புத் தண்ணீர் ஏறும் களப்போரக் காணி ஒன்றை வெட்டியபோது வந்த மணல் குவிந்து கிடந்தது. பள்ளம் நிரப்ப என்று எடுத்தது. கலவைக்கு நல்ல மணலை அனுப்பினேன். பொய் சொல்லக் கூடாது. பெட்டிக்குள் நிரப்ப அந்தக் களப்பு மணலை அனுப்பினேன். மேலே ஒரு சாண் செம்மண் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

றொகான் பாஸுக்குத் தெரிந்தது. மேடைக்குக் கீழே நிற்கிறாரே, நம் மேசன், அவர்தான். கூடையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

"முதலாளி, இது கரிக்குது."

"எல்லா மணலும் கொஞ்சம் கரிக்கும் பாஸ்."

"இது கொஞ்சமில்ல. உங்களுக்குத்தானே நாக்கு. வச்சுப் பாருங்களன்."

"கூரைக்கா போடுறம்? பெட்டிக்குள்ளதானே. ரெண்டு மழைக்குக் கழுவிட்டுப் போயிடும்."

"கழுவுற தண்ணி வெளிய போக வேணுமே. அடியில ஓட்டை விடவா?"

"ஓட்டை விட்டா ஊத்தைத் தண்ணி முன்பக்கம் வடிஞ்சு எழுத்தெல்லாம் கெட்டுப்போகும். வேணாம்."

எந்த எழுத்து? என் கடைப் பெயர்.

பெரியோர்களே, தாய்மார்களே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். றொகான் பாஸின் உள்ளங்கை என் முன்னால் நீண்டிருந்தது. அதில் ஒரு சிட்டிகை மணல். உப்பைத் தொட்டே உயர்ந்தவன், உப்பைச் சொல்லியே பேர் எடுத்தவன், வருகிற லொறியையெல்லாம் மறித்து நாக்கில் வைத்துப் பார்க்கிறவன், அந்த ஒரு சிட்டிகையை மட்டும் நாக்கில் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? வைத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் போட முடியாது. தெரியாமல் இருப்பதற்காகவே வைக்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் தெரியாமல் இருக்க இவ்வளவு பாடுபடுகிறான் என்றால், அவனுக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்?

திறப்பு விழா நடந்தது. நாடா வெட்டினோம். படம் பிடித்தோம். படத்தில் என் கடைப் பெயர் துலக்கமாய் விழுந்தது. செடிகளும் அன்றைக்குப் பச்சையாகத்தான் நின்றன.

மூன்றாம் வாரம் இலையின் ஓரம் நெருப்புப் பட்டதுபோலக் கருகியது. தாகம் என்று நினைத்தார் மார்த்தா. நம் கிணற்றுத் தண்ணீர் உவர் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் காசு கொடுத்து வாங்கிய குடிதண்ணீரில், தன் வீட்டுப் பிளாஸ்டிக் கானிலிருந்து, இரண்டு போத்தல் தண்ணீர் தினமும் கொண்டுவந்து ஊற்றினார். கோயிலடியிலிருந்து இங்கே எவ்வளவு தூரம்? போக வர ஒரு மைல். அந்தத் தண்ணீர் இறங்கி ஓட வழியில்லை. வழியை நான்தான் அடைக்கச் சொன்னேன். அது உள்ளேயே நின்று உப்பைக் கரைத்தது. கரைந்த உப்பு வேரைத் தேடிப் போனது. அவர் ஊற்ற ஊற்றச் செடி வாடியது. செடி வாட வாட அவர் ஊற்றினார். தன் தொண்டைக்கு வைத்த நன்னீரை என் துரோகத்தின் மேல் ஊற்றினார்.

கிழமைக்கு இரண்டு தடவை இந்த வழியே லொறியில் போவேன். பார்ப்பேன். கண்ணாடியை ஏற்றிவிடுவேன். ஒருநாள் மறித்துக் கேட்டார்: "முதலாளி, என்னெண்டு விளங்கேல்ல. பூச்சியும் இல்ல, ஒண்டும் இல்ல. ஏன் இப்பிடிக் கருகுது?" மார்த்தா, வேற மண்ணு போட்டுப் பாருங்களன். ஐந்து சொல். இந்த ஐந்து சொல்லை அன்று சொல்லியிருந்தால் அந்தச் செடிகளைப் பிடுங்கிக் காப்பாற்றியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இரண்டு சொல். "வெயில் கூடத்தானே" என்றேன்.

இரண்டாம் மாத முடிவில் ஆறும் பட்டன. செடி பட்டதோடு நின்றதா? இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பேசினார்கள். தேத்தண்ணிக் கடையில் பேசினார்கள். "மார்த்தா வச்சதும் பட்டுப்போச்சாம்." "ஒண்டில்ல, ஆறும்." "கைராசி போயிட்டு." யாரையும் நான் குறை சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தானே ஊர் பேசும். மண்ணுக்குள் இருந்ததை ஊர் காணவில்லை. கண்டவன் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பேச்சு என் வீட்டுக்கும் வந்தது. பகல் சாப்பாட்டில் இருக்கிறேன். என் மனைவி றஹ்மத் உம்மா சொல்கிறார்: "மல்லிகைக் கன்று ரெண்டு வேணும். மார்த்தாக்கிட்ட வாங்க வேணாம். அவட கையில இப்ப ராசி இல்லையாமே, ஊரெல்லாம் அதே பேச்சா ஈக்கி." நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "சரி" என்றேன். டவுனில் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். றஹ்மத் உம்மா அதோ பெண்கள் பக்கத்தில் இருக்கிறார். செடி பட்டது என் மணலால்தான் என்று அவருக்கே இன்று பகல்தான் தெரியும். பகலிலிருந்து என்னோடு கதைக்கவில்லை.

சிரித்தவர்கள் சிரியுங்கள். அதற்குமேல் சொல்லப்போவதற்குச் சிரிப்பு வராது.

ஒரு கன்றும் விலைபோகாத நாள் வந்தது. பிறகு ஒரு கிழமை முழுக்கப் போகவில்லை. மார்த்தா பைகளைக் கட்டி வைத்துவிட்டு வாடிக்குக் கருவாடு புரட்டப் போனார். கன்றுக்கு நீர் தெளித்த கை உப்பு அள்ளப் போனது. யாருடைய உப்பால்?

போன வருடம் அவர் மகள் நிஷாந்தினி வீடு கட்டிக் குடிபுகுந்தார். கூரைத் தகடும் கதவு நிலையும் என் கடைச் சாமான். ஆகவே எனக்கும் அழைப்பு. பங்குத்தந்தை ஆசீர்வதித்து முடித்தார். வாசலில் குழி தயார். நிஷாந்தினி ஒரு செவ்வரத்தைக் கன்றைத் தூக்கித் தாயிடம் நீட்டினார்.

"அம்மா, நீங்க வையுங்க."

மார்த்தா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ட கை வேணாம் பிள்ளை. உன்ட வாசல் நல்லா இருக்கட்டும். ஜூட் வைக்கட்டும்."

"அம்மா, விசர்க் கதை கதையாதீங்க."

"வேணாமெண்டா வேணாம்."

மருமகன் ஜூட் வைத்தார். ஆயிரம் வாசலுக்குக் கன்று வைத்தவர், தன் மகளின் வாசலில், தன் நிழலும் கன்றின்மேல் படாத தூரத்தில் தள்ளி நின்றார். ஊர் சொன்னதை அவரும் நம்பிவிட்டார். நான் எங்கே நின்றேன்? ஒரு கையில் றோல்ஸ், ஒரு கையில் பிளேன்டீயோடு, ஆறடிக்கு அப்பால் நின்றேன். அப்போதாவது சொன்னேனா? அப்போதாவது அந்தத் தேநீரைக் கீழே வைத்தேனா? குடித்து முடித்தேன். கோப்பையைக் கொடுத்தேன். கை குலுக்கிவிட்டு வந்தேன்.

எத்தனையோ வீடுகளுக்கு நான் பலமான கம்பி கொடுத்திருக்கிறேன். எத்தனையோ கூரைகளுக்கு ஒழுகாத தகடு கொடுத்திருக்கிறேன். அந்த வாசலில் அந்தத் தாய்க்கு ஒரு வார்த்தை கொடுக்க என்னிடம் இருப்பு இல்லையா? இருந்தது. பூட்டி வைத்திருந்தேன். ஏன்? என் கடை மணல் உப்பு என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். என் வியாபாரத்தின் பேரைக் காப்பாற்ற அவர் வியாபாரத்தின் பேரைக் கொடுத்தேன். அவரிடம் கேட்காமல் கொடுத்தேன்.

மூன்று மாதத்துக்கு முன் தலைவர் நிக்கொலஸ் என்னைக் கூப்பிட்டார். செடி இல்லாத பெட்டிக்குள் வெற்றிலை துப்புகிறார்கள், போத்தல் போடுகிறார்கள், உடைத்துப் புதிதாய்க் கட்டுவோம் என்றார். வந்தேன். றொகான் பாஸ் சுத்தியலால் அடித்தார். கல் பிரிந்தது. உள்ளே, மணலுக்கும் சுவருக்கும் நடுவில், வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. இரண்டு வருடத்தில் அந்தப் பெட்டியில் பூத்தது அது ஒன்றுதான்.

வாடியிலிருந்து மார்த்தா வந்துகொண்டிருந்தார். நின்றார். அவரே குனிந்தார், ஒரு விரலால் தொட்டார், நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"முதலாளி, உப்பளத்தில உங்கட நாக்குக்கு ஒரு பேர் இருந்ததெண்டு சொல்லுவாங்க. இது தெரியேல்லையா?"

"தெரியும்" என்றேன்.

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே."

வைவார் என்று நினைத்தேன். மண்ணை அள்ளி வீசுவார் என்று நினைத்தேன். கழற்றி வைத்த தென்னம் பலகையில் மெல்ல உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் விரித்தார். உள்ளங்கையைப் பார்த்தார், புறங்கையைப் பார்த்தார். தொலைந்த பொருளைத் திரும்பப் பெற்றவர், இது என்னுடையதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர் என்னை அறைந்திருக்கலாம்.

"நட்டத்தைச் சொல்லுங்க மார்த்தா, தாறன்" என்றேன். வியாபாரி வாயில் வேறென்ன வரும்?

"எந்த நட்டம்? செடியா, என்ட மகள்ட வாசலா?"

"அப்ப என்னதான் வேணும்?" என்றேன்.

"மைக்கில சொல்லுங்க."

"வீடு வீடாப் போய்ச் சொல்றன்."

"கதை வீடு வீடாவா போனது? சந்தியிலதானே போனது. சந்தியில சொல்லுங்க."

"சரி, கூட்டத்தில சொல்றன். கடைசியா, நன்றி சொல்லேக்குள்ள ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்றன்."

"முதல்ல. தலைவருக்கும் முதல்ல. கடைசியில சொன்னா பாதிப் பேர் எழும்பிப் போயிடுவாங்க."

"மண்ணில ஒரு பிழை வந்துட்டு எண்டு சொல்றனே."

"மண் தானா வந்து ஏறிப் படுத்ததா? உங்கட பேரைச் சொல்லுங்க."

நாற்பது வருடமாய்ப் பேரம் பேசுகிறேன். கொழும்பு மொத்த வியாபாரிகளை மடக்கியிருக்கிறேன். அன்று ஓர் அங்குலம் இறங்கவில்லை அவர். பக்கத்தில் நின்ற றொகான் பாஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாஸ், நான் பார்த்தேன்.

இதோ, உங்கள் கண் முன் நிற்கிறது புது வாங்கு. இம்முறை பெட்டியின் அடியில் பின்பக்கமாய் இரண்டிரண்டு ஓட்டைகள். அவற்றின் மேல் தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கியிருக்கிறது. மழையில் நீரைக் குடித்து வைத்து வெயிலில் வேருக்குக் கொடுக்கும். அதன் மேல் செம்மண்ணும் மக்கிய சாணியும் கழுவிய ஆற்று மணலும். ஒவ்வொரு கூடையையும் மார்த்தா நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே கொட்ட விட்டார். இரண்டு கூடையைத் திருப்பி அனுப்பினார். ஒன்றில் பிழை இருந்தது, மற்றதில் இல்லை. கேட்டதற்கு, "இருக்கட்டும், உங்களுக்கு ஒரு பழக்கத்துக்கு" என்றார். முன்பக்கச் சுவரைப் பாருங்கள். வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. எழுத்து இல்லை.

மேசையில் இந்தச் சிரட்டையில் இருப்பது புதுப் பெட்டியின் மண். சபையோர் சாட்சியாக இதை நான் நாக்கில் வைக்கிறேன். அன்று வைக்காத நாக்கு இன்று வைக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

கரிக்கவில்லை. சாணி வாசம் இருக்கிறது. தண்ணீர் வேண்டாம் தம்பி, இது வாயில் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

வியாபாரிகளே, இந்தச் சபையில் என் தொழில் செய்கிற பலர் இருக்கிறீர்கள். நாம் விற்பது கல்லா? மண்ணா? கம்பியா? நாம் விற்ற ஒவ்வொரு கல்லின் மேலும் ஒருவர் உட்காரப் போகிறார். நாம் இறக்கிய ஒவ்வொரு மண்ணிலும் ஒருவர் எதையோ வைக்கப் போகிறார். அது பட்டால் மண்ணைத் தந்தவனை யாரும் கேட்பதில்லை. வைத்த கையைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கை பதில் தெரியாமல் தன்னையே சந்தேகிக்கிறது. ஆறு செடி போனதை மறக்கலாம். ஒரு தாய் தன் கையைத் தானே வெறுத்துப் பின்னால் கட்டினாரே, அந்த இரண்டு வருடத்தை எந்த லொறியில் ஏற்றித் திருப்பிக் கொடுப்பேன்?

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். பெட்டியை உடைத்த அன்று மாலை மார்த்தா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஜூட் வைத்த அந்தச் செவ்வரத்தையில் ஆறு தடி வெட்டியிருக்கிறார். தன் குசினிக்குப் பின்னால், யாருக்கும் சொல்லாமல், ஆறு பையில் ஊன்றியிருக்கிறார். ஒன்று வந்தாலும் போதும் என்று ஊன்றியவருக்கு ஆறும் தளிர்த்தன. அந்த ஆறும் மேடையோரத்தில் இருக்கின்றன. நான் கேட்டேன், "நீங்கதானே வைக்கிறது?" என்று. "நான் கன்று விக்கிறன். ஆர் வைக்கிறதெண்டு ஊர் சொல்லட்டும். சொன்னது ஊர்தானே" என்றார்.

ஆகவே ஊரைக் கேட்கிறேன். இந்தத் துறையைக் கேட்கிறேன். கோயிலடியைக் கேட்கிறேன், பள்ளியடியைக் கேட்கிறேன். இந்தக் கன்றுகளை யார் கையால் வைப்பது?

யார் அங்கே எழுந்து நிற்பது? நிஷாந்தினியா? சொல்லுங்கள் பிள்ளை, சத்தமாய்ச் சொல்லுங்கள். "அம்மா வைக்கட்டும்." மகள் சொன்னால் மட்டும் போதாதே. பெண்கள் பக்கத்தில் இன்னொரு குரல். றஹ்மத் உம்மா, நீங்களா? "மார்த்தா வைக்கட்டும். வச்சிட்டு எங்கட வாசலுக்கும் வரட்டும். அங்க டவுன் மல்லிகை ரெண்டும் காஞ்சு ஈக்கி." கேட்டீர்களா? பகலிலிருந்து என்னோடு கதைக்காதவர் மைக் இல்லாமலே கதைக்கிறார். பின்வரிசையும் சொல்கிறது. பஸ்ஸை விட்டவர்களும் சொல்கிறார்கள். தலைவரே, கேட்கிறதா? இந்தச் சந்தியில் போன பேர் இந்தச் சந்திக்கே திரும்பி வருகிறது.

மார்த்தா எழும்புகிறார். வழி விடுங்கள். கையைப் பிடிக்க வேண்டாம், அவராக நடப்பார்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. கையில் கிடைத்ததை என்மேல் எறியாததற்குத் தனியே ஒரு நன்றி. தலைவர் நிக்கொலஸுக்கும், முதல் நாளே உண்மையைச் சொல்லி என்னால் வாயடைக்கப்பட்ட றொகான் பாஸுக்கும் என் கடன் தீராது. உங்கள் எல்லோருக்கும் மீண்டும் என் ஸலாம், என் வணக்கம்.

இறங்கும் முன் ஒப்பந்தத்தை வாசித்துவிடுகிறேன். அதுவும் மைக்கில் வர வேண்டும் என்பது அவர் கட்டளை. செவ்வாயும் வெள்ளியும் இரண்டு கான் நன்னீர் என் லொறியில் வரும். ஊற்றுவது டிரைவர் அல்ல, நான். முதல் பூப் பூக்கும்வரை அப்படி. வாங்கில் என் பேர் எக்காலத்திலும் எழுதப்படாது. என் யார்டில் களப்பு மணல் குவியலின் மேல், "உப்பு மணல், செடிக்கு ஆகாது" என்று பலகை நிற்கும். ஆறு செவ்வரத்தைக் கன்று, காசு இன்றைக்கே, கையிலே. நான் ஒன்று நானூற்றைம்பதுக்குக் கேட்டேன். அவர் ஐந்நூறு என்றார். ஐந்நூறு.